ஜூரோங் வெஸ்டிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. குட்டிக்கு மொட்டை போட்டுக் காதும் குத்தியாயிற்றா? போட்டோவில் அவள் அழுகிற அழுகையைப் பார்த்தால் ஆசாரிதான் பயந்திருப்பார் போலிருக்கிறது.

தம்பி பிளஸ் டூ முடித்ததும் இங்கே சிங்கப்பூரில் படிக்க விண்ணப்பிக்கப் போகிறான், "அங்கேதான் எல்லாம் தமிழாச்சே, என்ன கஷ்டம்?" என்று எழுதியிருந்தாய். தமிழ் இருக்கிறதுதான். டாலர் நோட்டில் 'சிங்கப்பூர்' என்று தமிழிலும் அச்சடித்திருக்கிறார்கள். 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு நாளிதழ் இன்னும் வருகிறது. ஆனால் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 சதவீதம்தான். காலையில் கதவைத் திறந்தால் எதிர்ப்படுகிறவர் அந்த 2.5-இல் இருக்க மாட்டார்.

நான் வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரம்மா ஒரு சீனப் பாட்டி. இங்கே பாட்டி என்றெல்லாம் கூப்பிட முடியாது, எல்லோரும் ஆன்ட்டிதான். வாடகைக்குப் பேசும்போதே 'லைட் குக்கிங்' என்று சொல்லிவிட்டார். அதாவது நூடுல்ஸ் கொதிக்க வைக்கலாம், முட்டை அவிக்கலாம், தாளிக்கக் கூடாது. கடுகு, கறிவேப்பிலை வாசம் ஹால் சோபாவில் ஏறிக்கொள்ளுமாம். அவர் மட்டும் பெலாச்சான் வறுப்பார். இறாலைப் புளிக்கவைத்து இடித்த விழுது அது. அடுப்பில் விழுந்தால் பத்தாவது மாடி வரைக்கும் தெரியும். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வேன். அவர் வீடு, அவர் சோபா!

சீனர்களின் ஏழாம் மாதம் நம் ஆடி, ஆவணியை ஒட்டி வரும். பசித்த ஆவிகள் பூமிக்கு வருகிற மாதம் என்பது நம்பிக்கை. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே புல்தரையில் ஊதுபத்தி கொளுத்தி, ஆரஞ்சும் சோறும் வைத்திருப்பார்கள். தெரியாமல் மிதித்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடப்பேன். கெத்தாய் என்று மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி நடக்கும், முதல் வரிசை நாற்காலிகளில் யாரும் உட்கார மாட்டார்கள். அது ஆவிகளுக்கு. ஆன்ட்டி இறந்துபோன தன் கணவருக்காகக் காகிதச் சட்டை, காகிதப் பணம், காகித செல்போன் எல்லாவற்றையும் தகர டிரம்மில் போட்டு எரித்தார். துணைக்கு நின்ற நான், ஆடி அமாவாசைக்கு நாங்கள் காவிரியில் எள்ளும் தண்ணீரும் இறைப்போம் என்றேன். "சாப்பாடு?" என்றார். "காக்காய்க்கு வைப்போம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேன் லா" என்றார், 'சரி, செய்யலாம்' என்று அனுமதி கொடுக்கிற மாதிரி.

அதற்கப்புறம் தாளிக்க விட்டாரா என்று கேட்காதே, விடவில்லை. ஆனால் காலையில் கடைக்குப் போனால் எனக்கும் ஒரு கோப்பி-ஓ கோசோங் கட்டிக்கொண்டு வருகிறார், பாலும் சீனியும் இல்லாமல், பிளாஸ்டிக் பையில் கயிறு போட்டு. நம்ம டிகிரி காப்பி குடித்த நாக்குக்கு முதலில் கஷாயமாகத்தான் இருந்தது. இப்போது அது இல்லாமல் வகுப்புக்குப் போனால் கண் சொக்குகிறது.

உண்மையைச் சொன்னால், சீனர்களோடு பழக எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியாது என்று தெரிந்தே பேசுகிறோம். தமிழர்களோடுதான் நேரம் பிடித்தது. கூடப் படிக்கிற பையன் ஒருவன் இங்கேயே பிறந்தவன். பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் படித்திருக்கிறான், ஆனால் என்னிடம் ஆங்கிலம்தான். அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது தாத்தா, "பசியாறிட்டீங்களா?" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. சின்ன வயதில் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவராம். கப்பல் சாப்பாட்டிலிருந்து வாந்தி எடுத்தது வரை சொன்னார். பேரன் அதுவரை கேட்டதே இல்லையாம். ஊரைப் பற்றி அவர் என்னிடம் கேட்டதெல்லாம் நம் அப்பா காலத்து நாகப்பட்டினம், எனக்கு அதில் பாதி தெரியவில்லை.

இன்னொரு பக்கம் தேக்கா, லிட்டில் இந்தியா வட்டாரத்தை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். பூன் லேயில் ரயில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. கட்டுமான வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்த நம் ஆட்கள் புல்தரையில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ கால் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை அறந்தாங்கிக்காரர் ஒருவர், "படிக்க வந்தீங்களா தம்பி? எவ்வளவு கடன்?" என்று கேட்டார். தொகையைச் சொன்னேன். "நம்ம ஏஜென்ட் பரவாயில்ல போலருக்கே" என்று சிரித்தார். அந்தத் தாத்தாவும் இந்த அண்ணனும் நானும் பேசுவது ஒரே மொழி. ஆனால் மூவரும் ஓரிடத்தில் நிற்பது புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாள் கோயில் வரிசையில்தான், அப்புறம் தைப்பூசத்துக்கு. தைப்பூசத்துக்கு இங்கே விடுமுறை கிடையாது, 1968-லேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். லீவு போட்டுவிட்டுத்தான் காவடி எடுக்கிறார்கள்.

ஆகவே தமிழை நம்பி மட்டும் தம்பியை அனுப்பாதே. சாப்பாட்டுக் கடையில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடிப்பது, சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைப்பது இதெல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும். காசு விஷயத்தை மட்டும் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். அரசாங்கத்தின் டியூஷன் கிராண்ட் என்கிற கட்டண மானியம் எடுத்தால் கட்டணம் நன்றாகக் குறையும், ஆனால் பட்டம் வாங்கியதும் மூன்று வருஷம் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை பார்ப்பேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அம்மா அதற்குச் சம்மதிப்பார்களா? பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்று அவன் கணக்குப் போட்டால், அரசாங்கம் அங்கீகரித்த கல்வி நிலையங்களின் மாணவர்களுக்கும் படிப்பு நடக்கும்போது வாரம் 16 மணி நேரம்தான் வரம்பு. அதில் அறை வாடகைகூடத் தேறாது.

அவனையே என்னிடம் பேசச் சொல். ராத்திரி பத்து மணிக்கு மேல் கூப்பிடட்டும், நம் ஊரில் அப்போது ஏழரை. அப்பாவின் முழங்கால் ஆபரேஷன் என்ன ஆயிற்று என்று நீ எழுதவே இல்லையே. அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது.

உன் மச்சான்