மகனைப் பறிகொடுத்தவரை நிற்கவைக்காதீர்கள்

தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஆண்டு எங்கள் தெருவில் ஓர் இளைஞர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். உடல் பிணவறையில் கிடக்க, 63 வயதான அவருடைய தந்தையை விசாரணைக்கென்று நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். துணைக்கு நானும் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனவர், காலையிலிருந்து மதியம் வரை ரைட்டர் எனப்படும் நிலைய எழுத்தரின் மேசைக்கு எதிரே நின்றுகொண்டே இருந்தார். பக்கத்தில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. உட்காரச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை. கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை. இறந்தவரின் வயதே இருக்கும் காவலர் ஒருவர், "உம் பையன் குடிப்பானா? யார்கூடத் தொடர்பு? உண்மையைச் சொல்லுய்யா" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். எதிர்க்கடையில் வெள்ளைத்தாள் வாங்கிவர அனுப்பியதும் அவரைத்தான். வாங்கிவந்த தாள்களை, கை நடுங்க, மடிப்பு விழாமல் அவர் மேசைமேல் வைத்தது இன்றும் என் கண்முன் நிற்கிறது.

கொலை வழக்கில் பகையையும் பழக்கத்தையும் விசாரிக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு, 60 வயதைக் கடந்தவரையும் பெண்களையும் சாட்சியாக விசாரிக்க அவர்கள் வசிக்கும் இடத்தைவிட்டு வேறெங்கும் வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, 'நீங்கள்' என்று விளித்துக் கேட்டிருந்தால் அவர் இன்னும் தெளிவாகவே பதில் சொல்லியிருப்பார்.

இது ஒரு நிலையத்தின் குறை மட்டும் அன்று. 2024 ஆகஸ்டில் சென்னை அண்ணாநகரில், பாலியல் கொடுமைக்கு ஆளான சிறுமிக்காகப் புகார் கொடுக்கப் போன பெற்றோர், தாங்கள் நிலையத்திலேயே தாக்கப்பட்டதாகக் குற்றஞ்சாட்டினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. உச்ச நீதிமன்றம் அதற்குப் பதிலாகச் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. புகாரை விசாரித்த மகளிர் ஆய்வாளரே 2025 ஜனவரியில் கைதானார். பெற்ற பிள்ளைக்காக நியாயம் கேட்டவர்கள் தங்களுக்காகவும் நியாயம் கேட்க வேண்டிவந்ததை எண்ணும்போது நெஞ்சு பதறுகிறது.

நிலையத்தின் வாயில், வரவேற்பிடம், ஆய்வாளர் அறை உட்பட எல்லா இடங்களிலும் ஒலிப்பதிவுடன் கூடிய கண்காணிப்புக் கேமரா இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரிலேயே ஆணையிட்டது. கொலை, பாலியல் வழக்குகளில் குடும்பத்தினர் நிலையத்தில் இருந்த நேரத்தின் பதிவை மாவட்டக் கண்காணிப்பாளர் வரவழைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். கேள்வி கேட்பார் உண்டு என்று தெரிந்தால் 'சொல்லுய்யா' தானாகவே குறையும்.

விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்று மேலே சொன்ன சன்ஹிதாவின் 193ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் தெருப் பெரியவருக்கு அப்படி ஒரு கடிதமோ குறுஞ்செய்தியோ இன்றுவரை வரவில்லை. நேரில் போய்க் கேட்கலாமே என்றேன். மறுபடி அந்த மேசைக்கு முன்னால் நிற்க முடியாது தம்பி என்றார். அவரைப் போன்றவர்களின் வீட்டுக்கு உங்கள் அதிகாரி ஒருவர் நேரில் சென்று, வழக்கின் நிலையைச் சொல்லிவிட்டு வர ஆணையிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அன்று அவருடன் நின்றிருந்தவன்