கைப்பிரதியின் ஓரங்களில் பென்சிலால் எழுதியவர்களுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளே,

நாவல் அச்சுக்குப் போய்விட்டது. புத்தகம் உங்கள் கைக்கு வரும் முன்னே இந்த மடல் வந்து சேர வேண்டும் என்று நினைத்தேன். போனிலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் தவிக்கும் பதினோரு வயது யாழினியின் கதை இது. அவள் வயதுப் பிள்ளைகள் படித்துப் பார்க்காமல் இதை வெளியிடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். கைப்பிரதியைப் படித்த நீங்கள் பன்னிரண்டு பேரும் கருத்துச் சொன்னதோடு நிற்கவில்லை, கதையையே திருப்பிவிட்டீர்கள்.

யாழினி காய்ச்சலோடு எழுந்து ஸ்னாப்சாட்டில் படம் அனுப்பும் இடம் நினைவிருக்கிறதா? ஸ்ட்ரீக் எண், அதாவது இரண்டு பேரும் விடாமல் படம் அனுப்பிக்கொண்ட நாள்களின் கணக்கு, ஏற வேண்டும் என்ற பேராசை அவளுக்கு என்று எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பென்சில் குறிப்பு: “பேராசை இல்ல. 24 மணி நேரத்துக்குள்ள ரெண்டு பேரும் அனுப்பணும். இவ அனுப்பலன்னா இவ ஃப்ரெண்டுக்கும் போயிடும்.” ‘ஃப்ரெண்டுக்கும்’ என்பதில் இருக்கும் அந்த ‘உம்’மைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் பேராசை என்று எழுதியதை நீங்கள் நட்பின் கடமை என்று படித்திருக்கிறீர்கள். அந்த அத்தியாயத்தை முழுதாகத் திரும்ப எழுதினேன்.

“கணக்கு தொடங்க 13 வயசு ஆகணுமே, எந்த வருஷம் பிறந்ததா போட்டா?” என்று கேட்ட தம்பிக்குத் தனி நன்றி. பிறந்த வருடத்தை விரலால் பின்னுக்குத் தள்ளித் தள்ளி யாழினி தன் வயதைக் கூட்டும் காட்சி உன் கேள்வியில் பிறந்தது. அவள் சொல்லும் முதல் பொய் அதுதான்.

அம்மாவைப் பற்றி நான்கு பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தீர்கள். யாழினி கூப்பிடும்போது அம்மா “ஒரு நிமிஷம்” என்கிறாரே, அப்போது அவர் கையில் இருப்பது என்ன என்று கேட்டிருந்தீர்கள். பழைய பிரதியில் அதை நான் சொல்லவே இல்லை. இப்போது சொல்லியிருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றைக் கேள்வி: “நிறுத்த முடியலன்னா அது அவ தப்பா?” பெயர் போடாமல் எழுதியிருந்தாய், கண்ணு. அவளுக்காக மட்டும் நீ கேட்கவில்லை என்று தோன்றியது. அதனால் இங்கேயே பதில் சொல்கிறேன். கீழே தள்ளத் தள்ள முடிவே வராத திரையை 2006-ல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். பின்னாளில் அவரே அதற்காக வருந்திப் பேசினார். புத்தகத்தில் பக்கம் முடியும், அத்தியாயம் முடியும், மூடி வைக்க ஓர் இடம் கிடைக்கும். அந்தத் திரையில் அந்த இடத்தையே எடுத்துவிட்டார்கள். பெரியவர்களே நிற்கத் திணறும் இடத்தில் பதினோரு வயதுப் பிள்ளை தடுமாறினால், அதை அவள் குற்றம் என்று நான் இனி எழுத மாட்டேன். யாழினி எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கும் பழைய முடிவை எடுத்துவிட்டேன்.

எப்போது தீனி விழும் என்று தெரியாமல் கொத்திக்கொண்டே இருந்த, உளவியலாளர் ஸ்கின்னரின் சோதனைப் புறாக்களைப் பற்றிய பகுதி பாடப்புத்தகம் போல இருக்கிறது என்றீர்கள். உண்மைதான். அரைப் பக்கமாகக் குறைத்தேன். புறா மட்டும் இருக்கட்டும், எனக்கு அது வேண்டும்.

கைப்பிரதியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, என்ன எழுதினார்கள் என்று எட்டிப் பார்க்காமல் இருந்த பெற்றோருக்கும், கட்டுகளைச் சேகரித்து அனுப்பிய நூலகர் அக்காவுக்கும், கடைசி நேரத் திருத்தங்களை முகம் சுளிக்காமல் ஏற்ற பதிப்பாசிரியருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரு தங்கை மட்டும் 62-ஆம் பக்கத்தோடு நிறுத்திவிட்டு, “இதுக்கு மேல படிக்க முடியல, இவளை எல்லாரும் திட்டிட்டே இருக்காங்க” என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தாள். அந்தப் பக்கம் இப்போது புத்தகத்தில் இல்லை, தங்கம். 60-லிருந்து மறுபடி தொடங்கிப் பார்க்கிறாயா?

அன்புடன்,
யாழினியை எழுதிய அக்கா