ஒஸ்லோ பனிக்கும் நிலாவெளி மணலுக்கும் ஒரே சைக்கிள்

திருகோணமலை
கார்த்திகை 16

அன்பின் சேகரனுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அங்கும் அப்படியே இருக்கக் கோணேசர் துணை. மாரி வடிவாகத் தொடங்கிவிட்டது. கடல் கொந்தளிப்பு, புறாத்தீவுக்குப் படகு இல்லை. உப்புவெளிக்குப் போய் அம்மாவைப் பார்த்தேன். முழங்கால் நோ குறைந்திருக்கிறது, கூரையில் ஒழுகிய இடத்துக்குப் புது ஓடு போட்டாயிற்று. ஆடியில் நீ வருகிறாய் என்ற கதையைத்தான் வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்கிறா.

ஒஸ்லோப் பனியிலும், ஆடியில் இங்கே பாரம் ஏற்றிப் போகிற பயணத்திலும் ஒரே சைக்கிளை ஓட்ட எதை வாங்குவது என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று சைக்கிள்களின் விபரங்களையும் ஆறுதலாக வாசித்தேன். முடிவை முதலில் சொல்கிறேன். கார்பன் போர்க் (முன்சில்லைத் தாங்குகிற கவை) உள்ள முதலாவதை விட்டுவிடு. இரண்டாவது, அலுமினியச் சைக்கிள், நல்ல சாமான்தான். ஆனால் மட்காட்டும் கரியரும் பூட்டி, பனியிலும் ஓடி, பாரமும் ஏற்றப்போகிற உனக்கு அது இடம் போதாது. மூன்றாவது உருக்கு பிறேமை, கீழே கேட்கிற அளவுகள் சரிவந்தால் வாங்கு.

கடைக்காரர் உனக்குக் கியரையும் பிறேக்கையும் காட்டித்தான் விலை சொல்லியிருப்பார். அவை தேயும், மாற்றலாம். மாற்ற முடியாதவை வேறு: ரயருக்கு உள்ள இடம், போர்க்கில் உள்ள துளைகள், பின்பக்க நீளம், கிறாங் (பெடல் பூட்டுகிற கை) பூட்டும் கூட்டின் வகை. இந்த நான்கும் பிழையென்றால் எவ்வளவு நல்ல கியர் இருந்தும் பயனில்லை.

ரயரில் தொடங்குவோம். ஒஸ்லோவில் நீ பாவிக்கப்போகிற ஆணி ரயர் (பனியில் வழுக்காமல் ஆணி பதித்தது) 42 மில்லிமீற்றர் அகலம். மட்காட் ரயரை விடப் பத்து மில்லிமீற்றராவது அகலமாக இருக்கவேண்டும், உயரத்திலும் ரயருக்கும் மட்காட்டுக்கும் நடுவே விரல் போகிற இடைவெளி வேண்டும். அது இல்லாவிட்டால் பாதி உருகிய பனி உள்ளே அடைந்து, நீ கடையில் நின்றுவிட்டு வரும்போது கட்டியாக இறுகிச் சில்லைப் பிடித்துவிடும். ஆகவே மட்காட் இல்லாமல் 50 மில்லிமீற்றர் ரயர் ஏற்கும் பிறேம்தான் மட்காட்டோடு 42ஐ நிம்மதியாக ஏற்கும். விளம்பரத்தில் போடுகிற அளவு பெரும்பாலும் மட்காட் இல்லாத அளவு, இதை எழுத்தில் கேட்டு வாங்கு. அதே இடம்தான் ஆடியில் இங்கே உனக்கு உதவும். மட்காட்டைக் கழற்றிவிட்டு 50 ரயர் போட்டுக் காற்றைக் குறைத்தால், குச்சவெளிக்கு அங்கால் கடற்கரைப் பக்கம் இறங்குகிற மணல் பாதைகளில் தள்ளாமல் ஓடலாம்.

அடுத்தது பாரம். நீ 82 கிலோ, சைக்கிள் கரியர் மட்காட்டோடு 16, சாமான் 25, தண்ணீரும் சாப்பாடும் 6. கூட்டினால் 129 கிலோ. முதலாவது சைக்கிளுக்கு 120 என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். அந்த எண்ணில் ஓடுகிறவரும் அடக்கம். பிறேம் உடனே முறியாது. ஆனால் கார்பன் போர்க்கில் கரியர் இறுக்கின இடத்தில் பாரம் ஆடி ஆடி வெடிப்பு வந்தால் வெளியே தெரியாது, உருக்கு போல வளைந்து எச்சரிக்காது. போர்க்குக்கு மட்டும் தனியாக எத்தனை கிலோ அனுமதி என்று எழுதியிருப்பார்கள், அதையும் பார்.

பின்பக்க நீளம் என்றால் கிறாங்கின் நடுவிலிருந்து பின்சில்லின் அச்சு வரை. இது 440இலிருந்து 460 மில்லிமீற்றர் வரை இருக்கட்டும். இரண்டாவது சைக்கிளில் 425. உன்னுடைய கால் அளவுக்கு, அதுவும் குளிர்காலச் சப்பாத்தோடு, ஒவ்வொரு மிதிக்கும் குதிக்கால் பையில் இடிக்கும். பையைப் பின்னுக்குத் தள்ளினால் பாரம் அச்சுக்குப் பின்னால் போய்விடும், இறக்கத்தில் ஹாண்டில் நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கத்துக்கு மருந்து, பாரத்தைக் கீழே இறக்குவதும் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட முன்சில்லுக்குக் கொடுப்பதும்தான். அதனால் போர்க்கின் இரு காலிலும் நடுவில் துளை இருக்கிறதா என்று பார். பின் பிறேக் கலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கிற கவ்வி), பிறேமின் இரண்டு கம்பிகளுக்கும் உள்ளே அடங்கி இருக்கவேண்டும். வெளியே மேலே நின்றால் கரியரின் காலை வளைத்துப் பூட்டவேண்டி வரும். கரியர் உருக்குக் குழாயில் செய்ததாகவே வாங்கு. ரியூபஸ் கம்பெனியின் லோகோ கரியர் 40 கிலோ தாங்கும், முன்னுக்குப் போடுகிற ரியூபஸ் தாரா 15. அலுமினியக் கரியர் இடைவழியில் முறிந்தால் இங்கே ஒட்ட ஆளில்லை. உருக்கு என்றால் கந்தளாயிலோ மூதூரிலோ எந்த வெல்டிங் கடையிலும் பத்து நிமிட வேலை.

சில்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், பாரம் ஏற்றுகிற பயணத்தைக் குழப்புவது பெரும்பாலும் இதுதான். பின்சில்லுக்கு 36 கம்பி, முன்னுக்கு 32. முறிவது அநேகமாகப் பின்சில்லில், கியர் பக்கக் கம்பி, ஹப்பில் (சில்லின் நடுக்குடம்) வளைகிற கழுத்தடியில். பாரம் கூடினதால் மட்டும் முறிவதில்லை. இறுக்கம் குறைந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தளர்ந்து இறுகி, தளர்ந்து இறுகிக் கழுத்தில் களைத்துவிடுகிறது. ஆகவே இரண்டு பக்கம் தடித்து நடுவில் மெலிந்த கம்பி (2.0, 1.8, 2.0) போடச் சொல். மெலிந்த நடு கொஞ்சம் இழுபட்டுக் கொடுப்பதால் கழுத்துத் தப்பும். கியர் பக்கம் 110 கிலோ அளவுக்கு இறுக்கி, பிறகு பக்கத்துக் கம்பிகளைச் சோடி சோடியாகக் கையால் நெருக்கிப் பிழிந்து, மறுபடி நேர் பார்க்கவேண்டும். மெஷினில் கட்டி வருகிற சில்லுகளில் இந்தப் பிழிதல் ஒழுங்காக நடப்பதில்லை. சைக்கிள் வாங்கின உடனே நல்ல சில்லுக்காரரிடம் கொடுத்து இந்த வேலையைச் செய்வி. நிப்பிள் (கம்பியை றிம்மில் இறுக்குகிற மரை) பித்தளையாக இருக்கட்டும். அலுமினிய நிப்பிள் உப்பில் வெள்ளைப் பொடியாகி, இரண்டாவது மாரியில் சாவி போட்டால் உடைந்து கையோடு வரும்.

உப்பு என்றதும் நீ ஒஸ்லோவை நினைப்பாய், நான் இங்கத்தைக் கடற்காற்றை நினைக்கிறேன். உன் சைக்கிளுக்கு இரண்டும்தான் விதி. கடல்நீரில் உப்பு லீற்றருக்கு 35 கிராம். அங்கே றோட்டில் தெறிக்கிற உருகிய பனி அதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். ஒஸ்லோவில் தூசு அடக்கத் தெளிக்கிற மக்னீசியம் குளோரைட் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், காய விடாது. உருக்கு பிறேம் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும். வாங்கின அன்றே சீற் தண்டைக் கழற்றி, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயை விசிறி, பிறேமைப் பிரட்டிப் பிரட்டி ஓடவிட்டு ஒரு நாள் வை. கிறாங் கூட்டின் அடியில் தண்ணீர் வடிகிற துளை இருக்கவேண்டும், இல்லாவிட்டால் 5 மில்லிமீற்றரில் ஒன்று போடச் சொல். அலுமினிய சீற் தண்டு உருக்குக் குழாய்க்குள் உப்புத் தண்ணீரோடு இருந்தால் இரண்டும் மின்கலம் போல வேலை செய்து, அலுமினியம் பொங்கிப் பிடித்துவிடும். பிடித்தால் வெட்டித்தான் எடுக்கவேண்டும். கிறீஸ் பூசி, உயரத்துக்கு ரேப் ஒட்டி அடையாளம் வைத்து, குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை உருவித் துடைத்துப் போடு. பெடல் மரைக்கும் இதே.

சைக்கிளை உப்போடு சூடான வீட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தாதே. துரு சூட்டில்தான் வேகமாக ஓடும், பனி உருகி வயருக்குள்ளும் இறங்கும், அடுத்த நாள் வெளியே எடுத்தவுடன் அது உறைந்து கியர் அசையாது. ஒன்றில் குளிர்ந்த கொட்டிலிலேயே விடு, அல்லது வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு வாளி ஊற்றிக் கழுவி முழுக்கக் காயவிடு. அழுத்தத் தண்ணீர் மட்டும் வேண்டாம், பெயரிங் போல்ஸ் இருக்கிற இடத்துக்குள் உப்பைத் தள்ளிவிடும்.

பிறேக்: வயரில் இழுக்கிற டிஸ்க். எண்ணெய் பிறேக் மிருதுவாகப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் கடுங்குளிரில் மினரல் எண்ணெய் தடித்து மந்தமாகும், இங்கே ஒழுகினால் காற்று எடுக்கச் சாமான் தேடிக் கொழும்புக்குத்தான் போகவேண்டும். பிறேக் வயர் எந்தச் சந்திக் கடையிலும் கிடைக்கும். வயருக்கு மேலுறை அறுபடாமல் லீவரிலிருந்து கலிப்பர் வரை ஒரே நீளமாக ஓடட்டும், தண்ணீர் புகுந்து உறைகிற இடம் குறையும். நேர் ஹாண்டில் லீவருக்கு நீள இழுவைக் கலிப்பர் (வயரை நீளமாக இழுக்கவேண்டியது), வளைந்த ஹாண்டில் லீவருக்குக் குறு இழுவைக் கலிப்பர். மாறிப் பூட்டினால் ஒன்றில் லீவர் ஹாண்டிலில் முட்டும், இல்லாவிட்டால் கல்லுப்போல இருந்து பிடிக்காது. பிறேக் பாட் (டிஸ்க்கில் உரசுகிற கட்டை) உலோகம் கலந்ததாக எடு. மிருதுவான பாட் சேற்றிலும் பனிச் சகதியிலும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஹாண்டிலில் நான் நேரானதையே சொல்வேன், நுனி கொஞ்சம் பின்னுக்கு வளைந்ததாக. தடித்த கையுறையோடு வளைந்த ஹாண்டிலின் சின்ன லீவர்களை அமத்துவது கஷ்டம், கைக்கு மாட்டுகிற பெரிய உறைகளும் நேர் ஹாண்டிலுக்குத்தான் இலகு. எதிர்க்காற்றுக்குக் குனிய நுனிக்கொம்பு போதும்.

இனிக் கியர். கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியா ஏற ஆசை என்று எழுதியிருந்தாய். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது, கம்பளை மலையடிவாரம். 42 ரயர் ஒரு சுற்றில் 2.2 மீற்றர் போகும். நீ காட்டிய இரண்டாவது சைக்கிளின் ஆகக் குறைந்த கியர் முன்னுக்கு 40 பல்லு, பின்னுக்கு 42, அதாவது ஒரு மிதிச் சுற்றுக்கு 2.1 மீற்றர். ஏற்றத்தில் நிமிடத்துக்கு 50 சுற்று மிதித்தால் மணிக்கு 6.3 கிலோமீற்றர், 129 கிலோவோடு அந்த வேகத்தை உன் முழங்கால் நெடுக ஏற்காது. முன்னுக்கு 44, 32, 22 என்று மூன்று பல்சக்கரம், பின்னுக்கு 11இலிருந்து 34 என்றால் கடைசிக் கியரில் 1.42 மீற்றர், அதே மிதிக்கு 4.3 கிலோமீற்றர். விழாமல் ஏறலாம், மூச்சும் வாங்கலாம். மேல் கியரில் 80 மிதிக்கு 42 கிலோமீற்றர், அதற்கு மேல் பாரத்தோடு யாருக்கு வேண்டும்? பின்னுக்கு 8 கியரே போதும். 6, 7, 8 மூன்றுக்கும் ஒரே செயின், அது திருகோணமலையில் கிடைக்கும். 12 கியர்ச் செயின் அறுந்தால் பயணம் அங்கேயே நிற்கும். றோலொவ் கம்பெனியின் கியர் ஹப் அருமையான சாமான், 14 கியரும் பின்சில்லின் ஹப்புக்குள்ளேயே எண்ணெய்க்குள் பத்திரமாக இருக்கும், காசு இருந்தால் தடுக்கமாட்டேன். ஆனால் அந்தக் காசில் மீதி எல்லாவற்றையும் வாங்கலாம்.

குளிரில் இன்னொரு வில்லங்கம்: பின் ஹப்பின் பல்லுக்குள் இருக்கிற கிறீஸ் கடுங்குளிரில் மெழுகாகி, பல் எழும்பாமல் மிதி வெறுமனே சுற்றும். மார்கழிக்கு முதலே திறந்து கழுவி மெல்லிய எண்ணெய் விடச் சொல். வெளிச்சத்துக்கு, சில்லு சுற்றும்போதே மின்சாரம் தருகிற முன்ஹப் டைனமோ. டிசம்பர் கடைசியில் ஒஸ்லோவில் பகல் ஆறு மணித்தியாலமும் இல்லை, பற்றரி குளிரில் வலுவிழக்கும்.

ஆணி ரயருக்கு டங்ஸ்டன் கார்பைட் நுனியுள்ளதைக் கேள். சாதாரண உருக்கு ஆணி வெறும் தாரில் ஒரு பருவத்தில் மழுங்கிவிடும். ஷ்வால்பே கம்பெனியின் மரத்தான் வின்டர் ரயரில் 42 அளவுக்கு 240 ஆணி. முதல் 40 கிலோமீற்றரைத் தார் றோட்டில், பாய்ந்து எடுக்காமல், இறுக்கிப் பிறேக் பிடிக்காமல் ஓடினால்தான் ஆணி இறப்பருக்குள் இருந்து பிடிக்கும். கண்ணாடிப் பனியில் பக்கத்தில் எழுதியிருக்கிற ஆகக் குறைந்த காற்றுக்கு இறக்கு, ஓர ஆணிகளும் நிலத்தைத் தொடும். பனி இல்லாத நாளில் கூட்டி அடி. ஒன்றுதான் வாங்கக் காசு என்றால் முன்னுக்குப் போடு. பின்சில்லு வழுக்கினால் காலை ஊன்றிச் சமாளிக்கலாம், முன்சில்லு வழுக்கினால் விழுந்த பிறகுதான் தெரியும்.

இங்கே வரும்போது பனிக்காலச் செயின் எண்ணெயைக் கொண்டுவராதே, அது ஆடிப் புழுதியை ஒட்டிப் பிடித்து அரைக்கும். மெழுகு எண்ணெய் கொண்டுவா. அனுராதபுரம் றோட்டில் மேற்கே போனால் கச்சான் (தென்மேல் காற்று) நேரே முகத்தில் அடிக்கும், விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டுப் பத்துக்குள் நிறுத்தவேண்டும். கண்டி றோட்டில் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை கடக்கும், இருட்டுக்கு முன் தாண்டிவிடு. கிண்ணியா பாலம் 2009இல் திறந்தது, இப்போது மட்டக்களப்புப் பக்கம் படகுக்குக் காத்திருக்கிற வேலை இல்லை, பாரத்தோடு பழக அந்தக் கரையோர றோட்டுத்தான் முதலுக்கு நல்லது, ஏற்றமே கிடையாது.

கையோடு கொண்டுவரவேண்டியவை: அந்தப் பிறேமுக்கே உரிய கியர் தொங்கு துண்டு (பின் கியரைப் பிறேமில் தொங்கவிடுகிற துண்டு) இரண்டு, ஒவ்வொரு நீளத்திலும் மூன்று கம்பி, கசெற் (பின் பல்சக்கரக் கட்டு) கழற்றும் சாவி, பாட் இரண்டு சோடி, கரியருக்கு 5 மில்லிமீற்றர் (எம்5) துருப்பிடிக்காத மரையாணி ஆறு. பின் அச்சு திருகி எடுக்கிற வகை என்றால் அதிலும் ஒன்று மேலதிகமாக, அதன் மரை கம்பெனிக்குக் கம்பெனி வேறு, இங்கே பொருந்தாது. ரியூப் இங்கே வாங்கலாம்.

காசு கட்ட முதல் மூன்றாவது சைக்கிளின் பின்பக்க நீளத்தையும், மட்காட்டோடு எத்தனை மில்லிமீற்றர் ரயர் ஏறும் என்பதையும், கிறாங் கூடு மரை உள்ளதா அழுத்திப் பூட்டுகிறதா என்பதையும் கேட்டு எழுது. அழுத்திப் பூட்டுகிறது என்றால் வேண்டாம், உப்புத் தண்ணீரில் கிறீச்சிடத் தொடங்கினால் இங்கே கழற்றக் கருவி இல்லை. போர்க்கின் இரண்டு காலையும் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பு. துளைகளைப் பார்த்தபிறகு எந்தக் கரியர் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
வரதன்