அதிகாரம் முழுவதையும் வாசித்த நண்பர்களுக்கு

அன்புள்ள பெரம்பூர் மொட்டைமாடி நண்பர்களுக்கு,

ஸ்தோத்திரம். உங்களில் சிலருக்கு இந்த வார்த்தை இன்னும் உறுத்தும் என்று தெரியும். எனக்குப் பழக்கம் விடவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கு வேலை மாற்றலாகிவிட்டது. நாம் கூடி வேதம் வாசித்த வீட்டை இந்த மாதத்தோடு காலி செய்கிறார். பாத்திரங்களை மூட்டை கட்டும் அவசரத்தில் யாரும் யாருக்கும் எதுவும் சொல்லாமல் கலைந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் இந்த மடல். பொதுவில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. பாமாலைப் புத்தகத்தைப் பிடித்தபடி ஆலயத்தில் நின்றுகொண்டு, உள்ளுக்குள் தன்னையே விசாரணைக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருக்கும் தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகள் நம் ஊர்களில் நிறையப் பேர். இப்படியும் சிலர் கூடி உட்கார்ந்து வேதம் வாசிக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியட்டும். உங்கள் பெயர்களை எழுதவில்லை. வீட்டில் சொல்லாதவர்களும், சொல்லிவிட்டு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவர்களும் நம்மில் உண்டு.

நான் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பத்துப் பிள்ளை. ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன். ஆனால் வசனங்கள் எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். காலண்டர் தாளில் ஒன்று, புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் ஒன்று, தேர்வுக்கு ஒன்று. என்னைப் பற்றி வீட்டில் தெரிந்தபோதும் வேதம் துண்டுகளாகவே வந்தது. லேவியராகமம் 18:22, ரோமர் 1:27, 1 கொரிந்தியர் 6:9: தன்பாலுறவைக் கண்டிக்க எல்லாரும் எடுத்துக்காட்டும் வசனங்கள். உறவினர் ஒருவர் இம்மூன்றையும் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அப்புறம், தீய ஆவியை விரட்டுவதாகச் சொல்லும் ஒரு விடுதலை ஜெபக் கூட்டம். நெற்றியில் எண்ணெய், காதருகே கூச்சல். அதை விரித்து எழுத மனமில்லை. அதற்குப் பிறகு சில வருடங்கள் வேதாகமத்தை நான் தொடவில்லை.

அண்ணா, முதல் நன்றி உங்களுக்கு. சாப்பிட வா என்றுதான் கூப்பிட்டீர்கள், ஜெபக்கூட்டம் என்று சொல்லியிருந்தால் வந்திருக்கமாட்டேன். சாப்பாடு முடிந்ததும் நீங்கள் சொன்ன ஒரே சட்டம் இன்றும் நினைவிருக்கிறது: இந்த வீட்டில் யாரும் ஒற்றை வசனத்தை எடுத்து யார்மீதும் எறியக்கூடாது, எடுத்தால், அந்த அதிகாரம் முழுவதையும் உரக்க வாசித்தாக வேண்டும். கேட்பதற்கு எளிய சட்டம்தான். அது நம் பக்கத்தையும் சும்மா விடவில்லை என்பதுதான் அதன் அழகு.

தன்பாலுறவுக்காகவே கடவுள் அழித்தார் என்று நமக்குச் சொல்லப்பட்ட சோதோம் ஊரின் கதையை வாசித்த சாயங்காலத்தைச் சொல்கிறேன். அக்கா, உங்களுடைய ஒத்தவாக்கிய வேதாகமம் (ஒரு வசனத்தோடு தொடர்புள்ள மற்ற வசனங்களையும் காட்டுவது), அட்டை பிரிந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியது. ஆதியாகமம் 19 முடிந்ததும், பொடி எழுத்தில் இருந்த ஒத்தவாக்கியங்களை விரலால் தொட்டுக்கொண்டே போய் எசேக்கியேல் 16-ல் நின்றீர்கள். 49-ஆம் வசனத்தைப் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்த அந்தக் கணீர்க் குரலில் வாசித்தீர்கள்: "கெர்வமும், ஆகாரத்திரட்சியும், நிர்விசாரமான சாங்கோபாங்கமும்." சாங்கோபாங்கம் என்ன பலகாரம் என்று தம்பி கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தான். பிறகு அந்த வசனத்தின் கடைசி வரியை வாசித்தீர்கள். சிறுமையும் எளிமையுமானவனுடைய கையைச் சோதோம் பலப்படுத்தவில்லையாம். வயிறு நிறைந்த ஊர் ஏழையைக் கைவிட்ட கதை இது. இத்தனை பிரசங்கங்கள் கேட்டும் எனக்கு யாரும் இதைச் சொன்னதில்லை.

நான் அங்கேயே நிறுத்திக் கொண்டாடத் தயாராக இருந்தேன். குருமடத்தைப் பாதியில் விட்டு வந்தும் நாம் இன்னும் 'பிரதர்' என்றே கூப்பிடுகிற நம்மவர் விடவில்லை. "அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்" என்றார். 50-ஆம் வசனத்தில் "அருவருப்பானதைச் செய்தார்கள்" என்று இருந்தது. அது எதைக் குறிக்கிறது என்று இரவு வரை வாதம் நடந்தது. முடிவு ஏற்படவில்லை. பிரதர், அன்று உங்கள்மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் நமக்குப் பிடித்த இடத்தில் புத்தகத்தை மூடாத ஒரு மனிதரை நம்பித்தான் நான் மறுபடியும் புத்தகத்தைத் திறந்தேன்.

அதே இரவில் அக்கா நியாயாதிபதிகள் 19-ஐயும் வாசிக்க வைத்தார். கிபியா ஊரில் அதேபோல வீட்டைச் சூழ்ந்துகொள்ளும் கூட்டம். அங்கே வெளியே தள்ளப்பட்டு விடியும்வரை சீரழிக்கப்படுகிறவள் ஒரு பெண். சோதோமைப் பற்றித் தொண்டை கிழியப் பேசுகிறவர்கள் கிபியாவைப் பற்றி ஏன் வாயே திறப்பதில்லை என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி எங்களைப் போன்ற ஆண்களுக்கும் சேர்த்துத்தான் என்று இப்போது நினைக்கிறேன். நம் பேச்சில் பெண்கள் குறைவாகவே வருகிறார்கள், அதை அக்கா பலமுறை சொல்லிக்காட்டியிருக்கிறார்.

ரோமர் நிருபத்துக்கும் பிரதருக்குத்தான் கடன்பட்டிருக்கிறேன். பவுல் எழுதியது ஒரே தொடர்ச்சியான கடிதம். அதிகாரமாகப் பிரித்தது 13-ஆம் நூற்றாண்டில், ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயப் பேராயர் காலத்தில். வசன எண்கள் போட்டது அதற்கும் பிந்தி, 1551-ல். எனவே சீட்டில் இருந்த வசனம் வருகிற முதல் அதிகாரத்தின் முடிவில் நிற்காமல் ஒரே மூச்சில் போகச் சொன்னார். போனால் அடுத்த வரியே, மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, "போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை" என்று கேட்பவன் பக்கம் திரும்புகிறது. நம் சட்டத்தின்படி பார்த்தாலும் இங்கே அண்ணனுடைய வீட்டு விதி போதவில்லை. அதிகாரத்தையும் தாண்டி வாசிக்க வேண்டியிருந்தது.

ஆணோடு ஆண் சேர்ந்தால் இருவருக்கும் மரணம் என்னும் லேவியராகமம் 20:13 மட்டும் அப்படியே கல்லாகக் கிடக்கிறது. அதை யாரும் எனக்கு இனிப்பு தடவித் தரவில்லை. அதற்கும் நன்றி.

தம்பி, உனக்கு நம்பிக்கை கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாய். பஜ்ஜிக்கும் வாதத்துக்கும்தான் வருகிறேன் என்றாய். வேதத்தில் உயிர்நண்பர்களாக வரும் தாவீதும் யோனத்தானும் காதலர்களா நண்பர்களா என்று நீயும் பிரதரும் போட்ட சண்டையைப் போல நான் எந்த வேதபாட வகுப்பிலும் கேட்டதில்லை. "ஸ்திரீகளின் சிநேகத்தைப் பார்க்கிலும் அதிகமாயிருந்தது" என்று தாவீதே பாடுகிறான், இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று நீ. நமக்கு வேண்டியதை உள்ளே வைத்துவிட்டு வெளியே எடுத்தால் அந்தச் சீட்டு எழுதியவருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்று அவர். என் மனம் உன் பக்கம், புத்தி அவர் பக்கம். 1968 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸில், தன் சபையால் விலக்கப்பட்ட பெந்தெகொஸ்தே போதகர் டிராய் பெர்ரி, தன் வீட்டிலேயே 12 பேரோடு ஆராதனை தொடங்கிய கதையைத் தேடிப் படித்து வந்து சொன்னதும் நீதான். நம்பாதவன் கொண்டுவந்த செய்தியில்தான் எனக்கு அன்று நம்பிக்கை பிறந்தது. சிரிக்காதே.

நர்ஸ் அக்கா, 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் பிடியிலிருந்து நம்மை விடுவித்தபோது கேக் வாங்கி வந்தீர்கள். அந்த வழக்கில் நமக்கு எதிராக நின்றவர்களில் கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்தன என்பதை ஜீரணிக்கத்தான் எனக்கு நாளானது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 'குணப்படுத்துகிறோம்' என்று சொல்லி நம்மைப் போன்றவர்களுக்குச் சிகிச்சை தருவதைத் தடை செய்து உத்தரவிட்டார். நீங்கள் அதை அச்செடுத்து, அம்மாவிடம் காட்டு என்று கொடுத்தீர்கள். காட்டினேன். "அந்த ஜட்ஜுக்கு வேதம் தெரியுமா?" என்று கேட்டார் அம்மா. ஆனால் ஜெபக் கூட்டத்துக்குக் கூட்டிப்போகும் பேச்சு அதோடு நின்றது.

துறவறம்போலத் தனியே வாழ்வது என்று தீர்மானித்திருக்கும் நண்பரே, உங்கள் முடிவு என் முடிவல்ல. நாம் ஒருவரையொருவர் மாற்ற முயலவும் இல்லை. துணையைத் தேடுகிற என்னை நீங்கள் ஒருநாளும் குறைவாகப் பார்த்ததில்லை. எனக்காக ஜெபிக்கும்போது திருந்தவேண்டும் என்று கேட்காமல், நல்லவன் கிடைக்கவேண்டும் என்று கேட்டீர்களே, அதற்கு என்ன கைம்மாறு?

ஓய்வுபெற்ற ஐயருக்கும் (எங்கள் சபையில் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு வார்த்தை. இங்கே பேசியதைப் பிரசங்க மேடையில் சொல்லத் தமக்குத் தைரியமில்லை என்று ஒளிக்காமல் சொன்னீர்கள். எனக்கு வருத்தம்தான், அதை மறைக்கவில்லை. ஆனாலும் நீங்கள்தான் உபாகமம் 23:1-ஐ எடுத்து, விதை நசுங்கியவன் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்ற வரியில் தொடங்கி, ஏசாயா 56-க்கு எங்களைக் கூட்டிப்போனீர்கள். (பிரதர் கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் அதே நூலை 'எசாயா' என்ற பெயரில் தேடிக்கொண்டிருந்தார்.) அங்கே அண்ணகன், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவன், தன்னைப் பட்டமரம் என்று சொல்லவேண்டாம், குமாரர் குமாரத்திகளைவிட மேலான பெயர் அவனுக்கு உண்டு என்று கர்த்தரே சொல்கிறார். அப்புறம் அப்போஸ்தலர் 8. எத்தியோப்பிய ராணியின் பொக்கிஷக்காரனான அண்ணகன் ரதத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்ததும் ஏசாயாவைத்தான், 53-ஆம் அதிகாரத்தை. சுருளை இன்னும் கொஞ்சம் விரித்திருந்தால் தன்னைப் பற்றிய இடத்துக்கே வந்திருப்பான் என்றீர்கள். "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று அவன் கேட்கிறான். அவனுக்கு வேதத்தை விளக்கிய பிலிப்பு தடை எதையும் தேடவில்லை, தண்ணீரில் இறங்கிவிடுகிறான். வேதத்துக்குள்ளேயே ஒரு வாசல் அடைக்கப்பட்டுப் பிறகு திறக்கப்படுவதை அன்றுதான் பார்த்தேன். அண்ணகனும் நானும் ஒன்றல்ல என்று நீங்களே எச்சரித்ததையும் குறித்துவைத்திருக்கிறேன்.

இப்போது திருவிருந்துக்குப் போகிறேன், எல்லா மாதமும் இல்லை. சங்கீதம் வாசிக்கிறேன். வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், அப்பா இன்னும் பேசுவதில்லை.

மாடியில் நாம் சத்தம் போட்டபோதெல்லாம் ஒருமுறைகூட என்ன கூட்டம் என்று கேட்காத வீட்டுக்காரப் பாட்டிக்கும் நன்றி சொல்லிவிடுங்கள், அண்ணா. அக்கா, உங்கள் ஒத்தவாக்கிய வேதாகமம் என்னிடம்தான் இருக்கிறது, தேடவேண்டாம். 1 கொரிந்தியர் 6 பாக்கி நிற்கிறது. வேறு இடம் கிடைக்கும்வரை சைதாப்பேட்டையில் என் அறைக்கே வாருங்கள். மொட்டைமாடி கிடையாது, நாற்காலி இரண்டுதான், பாய் வாங்கிவைக்கிறேன். தம்பி, பஜ்ஜி உன் பொறுப்பு.

அன்புடன்,
உங்களில் ஒருவன்