நம்ம அய்யனார் கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை (பங்காளிகள் பார்வைக்கு)

பங்காளிகள் எல்லாருக்கும் வணக்கம். போன நோட்டீஸ்ல கும்பாபிஷேகம்னு அச்சாயிருச்சு, அது தப்பு. நடந்தது புரவி எடுப்பும் (மண்குதிரை செஞ்சு தூக்கிட்டுப் போய் சாமிக்கு விடுறது) படையலும்தான். ஊரணி படித்துறை, போர் மோட்டார், லைட்டு, மடப்பள்ளி ஓடு மாத்துனது எல்லாம் முடிஞ்சுது, பில்லு பொருளாளர்கிட்ட இருக்கு, யாரும் எப்ப வேணாலும் பாக்கலாம்.

இப்ப எல்லாரும் கேக்குற விஷயம். 18 லட்சம்னு சொல்லி ஆரம்பிச்சது 20,15,000 ஆனது ஏன், சாமிக்கு மேல ஏன் கூரை இல்ல. கான்ட்ராக்டர் கொடுத்த பிளான்ல அய்யனாருக்கு கான்கிரீட் மண்டபம், மேல விமானம், தரை பூரா டைல்ஸ், நடுவுல நிக்கிற வீரை மரத்த எடுத்துடணும்னு இருந்துச்சு. நம்ம பங்காளிலயே படிச்ச நாலு பேர், விமானம் இல்லாம மூலவர் இருக்கக்கூடாது, கருப்பர் வெறும் கல்லும் அருவாளுமா நிக்கக்கூடாது, உடைஞ்ச உருவம் கோயில் எல்லைக்குள்ளயே கெடக்கக்கூடாது, ஆகமத்துல எழுதியிருக்குன்னாங்க. ஆகமத்த கமிட்டி குறை சொல்லல, அந்த முறைல கட்டுன பெரிய கோயிலுக்கு அதுதான் சட்டம். ஆனா நம்ம சாமி எந்தப் பொஸ்தகத்துலேர்ந்தும் வரல, அந்த மரத்தடிக்கு வந்து உக்காந்த சாமி. கூரை வேணாம், வெயிலும் மழையும் எம்மேல விழணும்னு சாமியாடி வாயால சொன்னத நம்ம அப்பத்தாமார் காதால கேட்டவங்க.

அதையும் மீறி அஸ்திவாரம் தோண்ட விட்டது கமிட்டி தப்புதான், ஒத்துக்கிறோம். ஆடி மாசம் நாங்க யாரும் இல்லாத அன்னைக்கு கான்ட்ராக்டர் ஆளுக ஜேசிபி வச்சு பழைய மண்குதிரை 11ஐ ஓரமா தள்ளிட்டாங்க. கேட்டா உடைஞ்சதுதானே சார், குப்பைதானேன்னு பதில். மண்குதிரை செய்யிற நம்ம வேளார் வந்து பாத்துட்டு ஒரு குதிரைத் தலைய மடில வச்சுக்கிட்டு உக்காந்துட்டார், ரொம்ப நேரம் எந்திரிக்கல. அவங்க தாத்தா கை வச்ச குதிரை அது. கல் விக்கிரகம் பின்னமானா எடுத்துடணும்ங்கிறது சரி, ஆனா புரவி அப்படி இல்ல. நாம பிடிமண் (குதிரை செய்யச் சொல்லி ஒரு பிடி மண்ணு) கொடுத்து, அவங்க விரதம் இருந்து செஞ்சு, சூளை வச்சு, கண் திறந்து, நாம தோள்ல தூக்கிட்டுப் போய் விடுறோம், அப்பறம் அது மழைல கரைஞ்சு வேரோட வேரா போயிரணும், அடுத்த தடவ புதுசு வரணும். உடையிறதுக்குன்னே செய்யிறத உடைஞ்சிருச்சுன்னு எப்படிங்க தள்றது?

அன்னைக்கு ராத்திரியே கூடி வெள்ளைப்பூ செவப்புப்பூ கட்டிப் போட்டோம், ஒரு சின்னப் பிள்ளைய விட்டு எடுக்கச் சொன்னோம், மூணு தடவையும் கூரை வேணாம்னுதான் வந்துச்சு. பூவ வச்சு லட்சக்கணக்குல முடிவு பண்ணலாமான்னு ஒருத்தர் கேட்டார். நம்ம கோயில்ல முடிவு அப்படித்தான் எடுத்திருக்கோம், இப்ப மட்டும் எதுக்கு மாத்தணும். புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலம் அய்யனார் கோயில்ல பெரிய குதிரை கட்டி வைக்கலயான்னும் கேட்டாங்க. வச்சிருக்காங்க, மாசி மகத்துக்கு அதுக்கு காகிதப்பூ மாலை வந்து குவியிது, அது அந்தச் சாமியோட வழக்கம். மரத்த விட்டதுக்கும் அதே பதில்தான், புதுச்சேரி பக்கம் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு இன்னைக்கும் நிக்குதுன்னா, சாமி காடுன்னு கை வைக்கப் பயந்ததாலதான்.

கெடா வெட்டு பத்தியும் புகார் வந்துச்சு. கோயில்ல ஆடு கோழி பலி கொடுக்கக்கூடாதுங்கிற 1950 சட்டத்த 2003ல கெடுபிடி பண்ணப்ப நம்ம கருப்பருக்குப் பூசணிக்காதான் வெட்டுனோம், 2004ல சட்டத்தையே எடுத்துட்டாங்க. வேண்டுதல் உள்ளவங்க வெட்டட்டும், வேணாம்னா பொங்கல் வைக்கட்டும், அய்யனார் சைவம், அவருக்கு முன்னாடி திரை போட்டுட்டுத்தான் வெட்டு, எப்பவும் போல.

கூடுதல் செலவு 2,15,000. அதுல 1,40,000 அஸ்திவாரத்துக்கும் அத மூடுனதுக்கும் கான்ட்ராக்டருக்குப் போனது, நாலு பஞ்சாயத்துக்கு அப்பறம் 2,60,000லேர்ந்து கொறச்சது. மீதி 75,000 மரத்த வெட்டாம சுத்துச்சுவர வளைச்சுக் கட்டுனதுக்கு. அந்த வளைவ நேர்ல வந்து பாருங்க, கொத்தனார் அருமையா செஞ்சிருக்கார்.

உபயம் பண்ணவங்க: சிங்கப்பூர் கீழவீட்டு அண்ணன், திருப்பூர் பனியன் கம்பெனி மாப்ள, தேவகோட்டை அத்தாச்சி, மேலவீட்டுப் பெரியப்பா குடும்பம், சென்னை ஐடி பிள்ளைக ஏழு பேரு, துபாய்ல இருக்கிற மூணு தம்பிக, பொறந்த வீட்டுச் சாமிக்குன்னு உண்டியல ஒடச்சுக் கொடுத்த நம்ம பொண்ணுக, சம்பளம் வேணாம்னு சொன்ன நாயனக்காரர். மொத்தம் 7,85,000. பேர் போட்ட கல்லு வைக்கலன்னு ரெண்டு பேருக்கு வருத்தம், பூசாரி வேணாம்னுட்டார், படையல் அன்னைக்கு வீட்டுப்பேர் சொல்லி துன்னூறு கொடுத்தோம்.

தலைக்கட்டு வரி (ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுன்னு போட்டது) 6,000 வீதம் 210ல 196 வந்துச்சு, 11,76,000. துண்டு விழுந்த 54,000ஐ பொருளாளர் கைக்காசு போட்டிருக்கார். பாக்கி 14 தலைக்கட்டும் தை முடியிறதுக்குள்ள கட்டிட்டா அவருக்குக் கொடுத்தது போக 30,000 மிஞ்சும், அத அடுத்த பிடிமண்ணுக்கு வேளார்கிட்ட முன்பணமா கொடுக்கிறதா கமிட்டி முடிவு பண்ணியிருக்கு.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டிக்காக, செயலாளர்