சிலந்தி நரம்பு: ஊசிக்கு முன்னால் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொடையிலும் கணுக்காலிலும் வலைபோலப் படரும் சிவப்பு, நீலக் கோடுகளைச் சிலந்தி நரம்பு என்கிறோம், உண்மையில் அவை நரம்பே அல்ல, தோலை ஒட்டி ஓடும் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான ரத்தக் குழாய்கள். விரலால் அழுத்திப் பாருங்கள், கோடு வெளிறிப்போய், விரலை எடுத்ததும் மறுபடி நிரம்பும்.

இதை எடுத்தே ஆக வேண்டுமா என்றுதான் பலரும் கேட்கிறார்கள். கட்டாயமில்லை. ஆனால் மாலையில் கால் கனத்து வீங்கினாலோ, கணுக்கால் பக்கம் தோல் கறுத்தாலோ அழகு நிலையத்துக்கு ஓடாமல் முதலில் மருத்துவரிடம் போய், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள், ஏனென்றால் உள்ளே ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் பெரிய குழாயான சிரையின் வால்வு பழுதாகி ரத்தம் கீழே தேங்கிக்கொண்டிருந்தால் மேலே எத்தனை ஊசி போட்டாலும் கோடுகள் திரும்ப வரும்.

காலுக்குப் பொதுவாக லேசரைவிட ஊசியே நல்லது. பாலிடோகனால் போன்ற மருந்தை மெல்லிய ஊசியால் ஏற்றுவார்கள், குழாயின் உட்சுவர் ஒட்டிக்கொண்டு மெல்ல மறையும். அன்றே நடக்கலாம், சரி, ஆனால் மறைய வாரக்கணக்காகும், பெரும்பாலும் இரண்டு மூன்று தடவை போட வேண்டிவரும், பழுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்கலாம். இதையெல்லாம் மறைத்துவிட்டு 'ஒரே நாளில் பளிச்' என்று விளம்பரம் செய்வது எனக்கு ஆத்திரமாக வருகிறது. மாநிறம், கறுப்புத் தோலில் லேசரைக் கவனமில்லாமல் வைத்தால் சுட்டுத் தழும்பாகிவிடும்.

அப்புறம், கர்ப்பிணிகள் அவசரப்பட வேண்டாம், பிரசவத்துக்குப் பின் பல கோடுகள் தானாகவே மங்கிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி