ரொறன்ரோ ஸ்காபரோவின் கொண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

வணக்கம். நம் கட்டடக் கண்ணாடிகளில் குருவிகள் மோதிச் சாவதைக் குறைக்கத்தான் இந்த மடல். தோளில் சிவப்புப் பட்டை உள்ள கருங்குருவிகள் வந்துவிட்டன. எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் பனிக்கட்டி இன்னும் முழுதாக உருகவில்லை. அதற்குள் காய்ந்த சம்புத் தட்டை ஒன்றில் ஆண் குருவி தொற்றிக்கொண்டு, தோளைப் புடைத்துக் கத்துகிறது. உடம்பெல்லாம் கறுப்பு, தோளில் சிவப்பு, அதன் ஓரத்தில் மஞ்சள். ஆண்கள் முதலில் வந்து இடம் பிடிக்கும். பெட்டைகள் சில வாரம் கழித்து வரும். அப்புறம் ஏப்ரல், மே என்று மற்றக் குருவிகள் வரிசையாக வந்து சேரும்.

அவற்றில் பெரும்பாலானவை இரவில்தான் பறக்கும். நகரத்து வெளிச்சம் அவற்றைத் தடுமாற வைத்துக் கீழே இழுத்துவிடுகிறது. விடிந்ததும், கண்ணாடியில் தெரியும் மரத்தை மெய்யென்று நம்பிப் போய் மோதுகின்றன. போன ஏப்ரலில் எங்கள் முன்வாசல் கண்ணாடிக்குக் கீழே கிடந்த ஒன்றைக் கையில் எடுத்தேன். உச்சியில் மஞ்சள் கோடு, இருபுறமும் கறுப்பு. ஏறக்குறைய ஒரு டொலர் நாணயத்தின் பாரம்தான். வெளியில் ஒரு காயமும் இல்லை. எனக்கு மனசு ஆறவே இல்லை.

ரொறன்ரோவில் 1993 முதல் ஃபிளாப் கனடா என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பின் தொண்டர்கள் விடியற்காலையில் நடந்து இப்படி விழுந்தவற்றைத் தேடி எடுக்கிறார்கள். பறவைகளுக்கு ஆபத்தில்லாத கண்ணாடியை நகரசபை 2010இல் கட்டாயமாக்கியது. ஆனால் புதிய கட்டடங்களுக்கு மட்டும். பழைய கட்டடங்களில் முடிவு உங்கள் கையில்.

மொட்டைமாடி அலங்கார விளக்குகளையும் ஆளில்லாத மண்டப விளக்குகளையும் ஜூன் மாத ஆரம்பம் வரை இரவு 11 மணிக்கு அணைத்துவிடுங்கள். இதற்குச் செலவே இல்லை. கீழ்த்தளக் கண்ணாடிகளில் 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் புள்ளிகள் ஒட்டுங்கள், அதுவும் வெளிப்பக்கத்தில். உள்ளே ஒட்டினால் பிரதிபலிப்பில் மறைந்துபோகும். ஒற்றைப் பருந்துப் படம் ஒட்டிப் பயனில்லை. குருவி அதை விலக்கிப் பக்கத்துக் கண்ணாடியில் மோதும்.

எல்லாப் பக்கமும் செய்ய இந்த வருடம் பணம் போதாது என்பீர்கள். சரி, மரங்களையும் குளத்தையும் பார்த்த பக்கத்தில் தொடங்குங்கள். இந்த மாதக் கூட்டத்திலேயே இதை எடுங்கள். மே பிறந்தால் சிறு குருவிகளின் பெருங்கூட்டம் வந்துவிடும்.

அன்புடன்,
ஒரு குடியிருப்பாளர்